கத்தரீனா டீச்சரின் லெப்டொப்புக்கு நான் பார்த்த வைத்தியம்

கண்டி டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்பக்கம், ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு பார்மசிக்கும் நடுவில் குறுகலான மாடிப்படி இருக்கிறது. பதினெட்டுப் படி ஏறினால் என் கடை. போர்டில் ‘லெப்டொப் டொக்டர்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தது நானேதான். வேறு யாரும் கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை.

என் பெயர் தனபாலன். வயது நாற்பத்தேழு. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டி இப்போது குடியிருப்பது எல்லாமே டவுனை ஒட்டிய மஹய்யாவ. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ரேடியோவும் கெசட் பிளேயரும் கழற்றப் பழகினேன். திரும்பப் பூட்டப் பழகி முடிவதற்குள் அவை உலகத்தை விட்டே போய்விட்டன. பிறகு ஆறு மாதக் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று செய்தேன். அந்தச் சான்றிதழை சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கண்டி மழையில் சுவர் ஈரம் ஏறி, என் பெயர் இருக்கிற இடம் மட்டும் மங்கிவிட்டது. வருகிறவர்கள் அது யாருடையது என்று என்னிடமே கேட்கிறார்கள்.

இருபது வருடத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். பழுது என்னவென்று தெரியாதபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். லெப்டொப்பை வாங்கி மேசையில் வைத்து, இரண்டு நிமிஷம் பேசாமல் பார்த்து, மெதுவாக மூச்சு விட்டு, “மதர்போர்ட் மாதிரித் தெரியுது” என்பேன். வந்தவர் முகம் செத்துவிடும். அதற்குப் பிறகு ஒரு சின்ன வயரைச் சரிசெய்து கொடுத்தாலும் போன உயிரை மீட்டவன் நான். என் மனைவி யசோதினி இதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். “நீங்க நாடகத்துக்குப் போயிருக்கணும்” என்பாள். நாடகத்துக்கு வசனம் முழுவதையும் பாடம் செய்ய வேண்டும், அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது.

போன பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை கத்தரீனா டீச்சர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கிற புசல்லாவைக்காரர். டியூஷன் நிலையம் ஒன்றில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தவர். அதை மூடிவிட்டதால் ஆறு மாதமாக வேலை இல்லை. முன்பும் ஒருதரம், ஒக்டோபரில், கீபோர்டில் நாலைந்து எழுத்து வேலை செய்யவில்லை என்று இதே லெப்டொப்பை என்னிடம் கொடுத்திருந்தார்.

“பட்டனை அமுக்குனா லைட் எரியுது அண்ணே. கம்பெனி பேரு வருது, அந்த வட்டம் சுத்துது. சுத்தி முடியிறதுக்குள்ள நின்னு போயிருது.”

“எத்தனை தரம் போட்டுப் பாத்தீங்க?”

“இருபது தரத்துக்கு மேல இருக்கும். ஒவ்வொரு தரமும் முன்னையவிட சீக்கிரமா நிக்குது.”

அந்தக் கடைசி வரியிலேயே பழுது முழுதாக இருந்தது. உள்ளே சூடேறுகிற மெஷின்தான் போடப் போட இன்னும் சீக்கிரமாக நிற்கும். தன்னை எரித்துக்கொள்ளாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். கோர்ஸில் இரண்டாம் வாரமே சொல்லித் தந்த விஷயம். உடனே விசிறி சுற்றுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். நான் முகத்தை வைத்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன்.

டீச்சருக்கு அவசரம். லண்டனில் இருக்கிற ஓர் ஆன்லைன் பள்ளிக்கூடம் அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு மாதிரி வகுப்பு. அது சரிவந்தால் வேலை நிச்சயம். போனில் செய்ய முடியாது, இரவல் வாங்கியதிலும் முடியாது. கமராவும் சத்தமும் பார்த்துப் பதிவு செய்த அதே லெப்டொப்தான் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இரவல் கொடுக்கலாம் என்றாலும் என்னால் ஆகியிருக்காது. என் கடையில் அன்று பதினொரு லெப்டொப் இருந்தன, ஒன்றும் வேலை செய்யாது. வேலை செய்கிறதை யார் என்னிடம் கொண்டுவருகிறார்கள்?

லெப்டொப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. எனக்கு உடனே கோபம் வந்துவிட்டது.

“டீச்சர், போர்டுல எழுதுற வெண்கட்டிக் கையோட இதைத் தூக்காதீங்க. படிச்சவங்க நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?”

அவர் அந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சரிங்க அண்ணே” என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமைக்குள் கட்டாயம் தருவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு சார்ஜரை மாற்றிப் பார்த்தேன். நின்றது. பெட்டரியைக் கழற்றிவிட்டு நேரடிக் கரண்டில் போட்டேன். அதுவும் நின்றது. வியாழக்கிழமை விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது என்று தீர்மானித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றாதபோது செய்வது அதுதான். ஏற்ற ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆவதற்குள் மெஷின் அணைந்தது. ஐந்து தரம் ஆரம்பித்தேன், ஐந்து தரமும் அணைந்தது. வெள்ளிக்கிழமை அடியில் இருக்கிற சின்ன மூடியை மட்டும் திறந்து ரெம் என்கிற நினைவகத் தகட்டை எடுத்து, அழிரப்பரால் தேய்த்து, திரும்பப் பூட்டினேன். வேறு ரெம் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றிப் பார்த்துவிட்டு, பழையதையே திரும்பப் போட்டேன். இடைக்கிடை ஏசவும் செய்தேன். பெரிய மூடிக்குப் பதின்மூன்று ஸ்க்ரூ. அதைக் கழற்ற எனக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு ‘அனுபவம்’ என்று பெயர் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சருக்குப் போன் எடுத்து, என் வழக்கமான குரலில், “மதர்போர்ட் டீச்சர். ஒண்ணும் செய்ய ஏலாது” என்று தீர்ப்புச் சொன்னேன்.

அழுவார் என்று பயந்தேன். “சரிங்க அண்ணே. அப்ப லெப்டொப் பழுதாயிருச்சுன்னு லண்டனுக்கு எழுதிப் போடுறேன். நீங்க பாவம், மூணு நாளா கஷ்டப்பட்டிருக்கீங்க” என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வைத்த பிறகு எனக்கு டீயும் இறங்கவில்லை.

பதினொன்றரைக்கு யசோதினி சாப்பாட்டுப் பார்சலோடு வந்தாள். மேசையில் இடம் இல்லாததால் கவிழ்ந்து கிடந்த லெப்டொப்பை நகர்த்தினாள். நகர்த்தியவள் விரலைப் பார்த்து, மூக்குக்கிட்டே கொண்டுபோய், நகத்தால் இன்னொரு தரம் சுரண்டி மணந்து பார்த்தாள்.

“இது என்னன்னு நெனைச்சீங்க?”

“வெண்கட்டி. டீச்சர் வீட்டுல வேறென்ன இருக்கும்? அதுக்குத்தான் அவங்கள ஏசினேன்.”

“வெண்கட்டிக்குச் சந்தன வாசம் வருமா? இது நான் குழைச்ச சந்தனம். விபூதியும் நம்ம விபூதி.”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஒக்டோபரில் ஆயுத பூசை. வருடா வருடம் கடையைக் கழுவி, ஸ்க்ரூ ட்ரைவரில் இருந்து என் சைக்கிள் வரைக்கும் விபூதிக் கோடும் சந்தனப் பொட்டும் வைத்துக் கற்பூரம் காட்டுவேன். பழுது பார்க்க வந்த மெஷின்களுக்கும் உண்டு. கடைக்குள் இருக்கிறதெல்லாம் ஆயுதம் என்பது என் கணக்கு. அன்றைக்குக் கீபோர்ட் மாற்றிய டீச்சரின் லெப்டொப்பும் அங்கே இருந்தது. டீச்சர் வேதக்காரர், மூடியில் சின்னதாக மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே மூன்று கோடு இழுக்க எனக்குக் கை வரவில்லை. அவர் மனசு நோகும். ஒன்றும் வைக்காமல் விடவும் மனசு கேட்கவில்லை, அது ஒன்று மட்டும் என்ன பாவம் செய்தது? ஆகவே யாருக்கும் தெரியாமல் கவிழ்த்து அடிப்பக்கம் வைத்தேன். ஒளித்து வைக்கிறோமே என்கிற குறைக்கு ஈடாக மற்றவற்றைவிடத் தாராளமாகவே அப்பினேன். லெப்டொப் மூச்சு விடுகிற துவாரங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன என்பது ‘லெப்டொப் டொக்டருக்கு’ அப்போது நினைவு வரவில்லை.

பதின்மூன்று ஸ்க்ரூவையும் கழற்றினேன். துவாரங்களில் பாதி சந்தனத்தால் அடைபட்டிருந்தது. மீதிப் பாதி வழியாக நாலு மாதமாகக் காய்ந்த விபூதி உதிர்ந்து உள்ளே போய், விசிறியின் இறக்கைகளில் களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. விசிறியை விரலால் தள்ளினேன். அசையவில்லை.

“டீச்சர்கிட்ட சொல்லிருங்க” என்றாள் யசோதினி.

“தூசுன்னு சொல்லிக்கிறேன்.”

“அந்தப் புள்ளையையே ஏசிட்டு, இப்ப பொய்யுமா?”

“தூசும் விபூதியும் ஒண்ணுதான். எல்லாம் கடைசியில அதுலதான் போய் முடியும்” என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் பார்சலை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்து, விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சூடு கடத்துகிற புதுப் பேஸ்ட் தடவிப் பூட்டினேன். பட்டனை அமுக்கினேன். வட்டம் சுற்றி முடிந்து, விண்டோஸின் நீலப் பூப் படம் வந்தது. அரை மணி நேரம் ஓட விட்டேன், நிற்கவில்லை. பன்னிரண்டரைக்கு டீச்சருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “மாதா உங்கள நல்லா வச்சிருக்கணும் அண்ணே” என்று சொல்லிவிட்டு, சரியாகிவிட்டது என்று லண்டனுக்கும் எழுதிப் போட்டு, உடனே பஸ் ஏறிவிட்டார். இந்தத் தொழிலில் எனக்கு எத்தனையோ ஏச்சு விழுந்திருக்கிறது. இந்த வாழ்த்து மாதிரி எதுவும் குத்தியதில்லை.

அவர் வந்து சேர மூன்று மணியாகிவிட்டது. வழியில் ரோட்டு வேலை. திரும்பிப் போக நேரமில்லை. “இங்கேயே வகுப்பெடுங்க டீச்சர்” என்று மேசையைத் துடைத்து, பின்னால் தொங்கிய வயர்களை ஒரு பெட்ஷீட்டால் மறைத்து, உட்கார நல்ல கதிரையைக் கொடுத்தேன். நான் வாசலில் மேல் படியில் உட்கார்ந்து, ஏறி வந்த இரண்டு பேரைச் சைகையால் திருப்பி அனுப்பினேன். காது முழுக்க அந்த விசிறிச் சத்தத்திலேயே இருந்தது.

டீச்சர் நன்றாகப் படிப்பித்தார். லண்டனில் ஒரு சின்னப் பெண், சந்தையில் மரக்கறி வாங்குகிற பாடம். பிள்ளை சிரித்து, தப்பாகச் சொல்லி, திரும்பச் சரியாகச் சொன்னது. அரை மணி நேரம். விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை போனதும் பள்ளிக்கூடத்தை நடத்துகிற அம்மா பேசினார். பேச்சிலேயே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது.

“வகுப்பு நல்லா இருந்தது. எனக்கு உங்கட லெப்டொப்பிலதான் பயம். காலமை பழுது எண்டு எழுதினனீங்கள். போன மாதம் ஒரு டீச்சரின்ர மெஷின் நடுவில நிண்டு, தாய் தகப்பனிட்ட நான்தான் ஏச்சு வாங்கினனான். என்ன பிழை எண்டு தெரியாமல் நான் வேலை தரேலாது.”

“பழுது பார்த்த அண்ணே இங்கதான் இருக்காரு மேடம். அவரையே கேளுங்க” என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே போய் கமரா முன்னால் குனிந்து நின்றேன். வாயில் தயாராக இருந்தது வந்துவிட்டது.

“தூசு மேடம். விசிறியில தூசு.”

“தூசெண்டா திரும்பவும் வருந்தானே. அப்ப திரும்பவும் நிக்கும். கத்தரீனா, நீங்கள் வேற லெப்டொப் ஒண்டு எடுத்தாப் பிறகு எழுதுங்கோ. அப்ப பாப்பம்.”

டீச்சர் “சரிங்க மேடம்” என்றார். காலையில் போனில் என்னிடம் சொன்ன அதே ‘சரிங்க’. அதை இன்னொரு தரம் கேட்க என்னால் முடியவில்லை.

“மேடம், நில்லுங்க. அது தூசு இல்ல. திரும்பவும் வராது” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆயுத பூசை, மாதா ஸ்டிக்கர், கவிழ்த்து வைத்துத் தாராளமாக அப்பியது, பதின்மூன்று ஸ்க்ரூவுக்குச் சோம்பிப் படுத்தது, நான் வைத்த விபூதியை வெண்கட்டி என்று சொல்லி டீச்சரையே ஏசியது, மதர்போர்ட் என்று அடித்து விட்டது எல்லாம். சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. டீச்சர் பக்கம் நான் திரும்பவில்லை.

லண்டன் அம்மா கடைசி வரை கேட்டார். பிறகு, “கத்தரீனா, உங்களுக்கு இது தெரியுமோ?” என்றார்.

“விபூதின்னு தெரியும் மேடம். ஒக்டோபர்ல வீட்டுக்குக் கொண்டு போனப்பவே பார்த்தேன். சாமி கும்பிட்டு நமக்காக வச்சது. தொடைக்க மனசு வரல. அதனாலதான் நிக்குதுன்னு தெரியாது.”

“அப்ப இவர் வெண்கட்டி எண்டு உங்களை ஏசேக்க, அது பிழை எண்டு தெரிஞ்சும் பேசாம இருந்தனீங்கள். பிள்ளையள் பிழை விட்டாலும் இப்பிடித்தான் இருப்பீங்களோ?”

கேள்வி நியாயமானது. என்னைக் காப்பாற்றப் போய் அவர் வேலையை இழக்கப் போகிறாரே என்று பட்டது.

டீச்சர் யோசிக்கவேயில்லை. “புள்ளைங்கன்னா அந்த எடத்திலேயே சொல்லிருவேன் மேடம். அதுங்க கேட்டுக்கும்” என்றார்.

லண்டன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். “திங்கக்கிழமை தொடங்குவம்” என்றார் கையை எடுக்காமலே.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. டீச்சர் வயரைச் சுருட்டி, லெப்டொப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நானும் கேட்டுக்குவேன் டீச்சர்” என்றேன்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணே” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.