கேட்டுக்கு வெளியே நோம்பி

துடியலூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் என் மாமனார் வீட்டார் சோளம் விதைத்த காடு இருந்தது. அதை விற்றுவிட்டார்கள். இப்போது அது சுற்றுச்சுவர் போட்ட வில்லா குடியிருப்பாகிவிட்டது. அதில் ஒரு வீட்டில் நாங்களும் இருக்கிறோம். எங்களுக்கு முன்னால் அந்த மண் இருளர்களுடையது. இதைக் குடும்பத்தில் யாரும் மறுத்ததில்லை. பேசியதுமில்லை, அவ்வளவுதான். அவர்களுடைய சாமிக்கல் மட்டும் எங்கள் வேலிக்குள் நின்றது. வருஷம் ஒரு நாள் திருவிழாவாக வந்து, விளக்கேற்றி நோம்பி கும்பிட்டுப் போவார்கள்.

போன பொங்கலுக்கு அசோசியேஷனில் ‘பழங்குடி நடனம்’ வைக்கலாம் என்றார்கள். ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பக்கத்தில் இருளர்கள் குடியிருக்கும் பதியில் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் அக்காவிடம் போனேன்.

“ஆடறோமுங்க அம்மணி. எங்க நோம்பியன்னிக்கு மட்டும் அந்தக் கேட்டைத் தொறந்து உடச் சொல்லுங்க. சுவரு வந்ததுல இருந்து சாமியப் பாக்கலீங்க.”

“அதுக்கென்னுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்” என்று பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடினார்கள். மத்தளமும் குழலும் சூடு பிடிக்கும்போதே பத்து நிமிஷம் ஆகிவிட்டதென்று மைக்கை அணைத்தார்கள். அடுத்து மாறுவேடப் போட்டியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கைதட்டினேன்.

அவர்கள் நோம்பியன்று காலையில் இருபது பேர் கேட்டில் வந்து நின்றார்கள். செக்யூரிட்டி விடவில்லை. செயலாளருக்குப் போன் போட்டேன்.

“ஒருக்கா உட்டா பழக்கமாயிருமுங்க. அதான் பொங்கலுக்குக் கூப்பிட்டமே, போதாதுங்களா?” என்றார்.

கெஞ்சினேன், கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. “வித்த காட்டுல நமக்கென்ன பேச்சு?” என்று என் வீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டினார்.

கேட்டுக்குப் போனேன். அந்த அக்கா கம்பி வழியாக எண்ணெய் ஊற்றிய அகல் விளக்கை நீட்டினாள். “நீங்க உள்ளதான இருக்கீங்க. எங்களுக்காகப் பத்த வெச்சுப்போட்டு வாங்க. நாங்க இங்கிருந்தே கும்பிட்டுக்கறோம்.”

ஓடினேன். கல் இருந்த இடத்தில் சறுக்குமரமும் பிளாஸ்டிக் புல்லும் இருந்தன. தோட்டக்காரரைக் கேட்டேன். “தளம் போடறப்பவே ஜேசிபி வாரிப்போட்டுதுங்களே” என்றார். இத்தனை மாதமாக இங்கேதான் குடியிருக்கிறேன். ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. வெட்கமாக இருந்தது. விளக்கை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டுக்குத் திரும்பினேன்.

“எரியுதுங்களா அம்மணி?”

“நல்லா எரியுதுங்க” என்றேன்.

அவள் திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள். இருபது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் நின்ற பக்கம் பார்த்துத் தார் ரோட்டில் விழுந்து கும்பிட்டார்கள்.