உத்தேசப் பயணத் திட்டம், நகல் ஒன்று

ஆஸ்திரியாவுக்குப் போவதென்று முடிவு செய்த அன்று நான் முதலில் செய்த காரியம், ஒரு புதுக் கோப்பு திறந்ததுதான். பழுப்பு அட்டை, வெள்ளை நாடா, மேலே பொருள், கீழே பக்க எண். வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் வேறு எப்படி உல்லாசப் பயணம் போவான்?

சுவிட்சர்லாந்து போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பெரம்பலூரிலிருந்தே கூட்டமாக அழைத்துப் போகிறார்கள். தயிர் சாதம், ஊறுகாய், பேருந்தில் பாட்டுப் போட்டி எல்லாம் சேர்த்து. கூட்டத்தின் நடுவே தனியாக இருப்பதை நான் இங்கேயே செலவில்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு விமானம் தேவையில்லை.

மனைவி போய் ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. துறைமங்கலத்தில் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே பச்சைமலை தெரியும், வெயில் காலத்தில் அதுவும் புழுதிக்குள் போய்விடும். பணியில் இருந்தவரை விடுப்பு எடுத்துப் பயணம் போனதில்லை. ஓய்வுக்குப் பிறகு எல்லா நாளும் விடுப்பாகிவிட்டது, போக இடம் இல்லை. ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், மின்விசிறியின் கீழ் படுத்தபடி, பனி விழும் ஊரின் ரயில் அட்டவணையைக் கைப்பேசியில் பார்த்தேன். அன்றிலிருந்து அதுவே வேலையானது.

மூன்று வாரம் உட்கார்ந்து உத்தேசப் பயணத் திட்டம் தயாரித்தேன். அலுவலகத்தில் மாதாமாதம் செய்ததுதான். நாள், புறப்படும் நேரம், சேரும் நேரம், முகாம். ‘முகாம்: சால்ஸ்பர்க்.’ ‘முகாம்: இன்ஸ்ப்ரூக்.’ இன்ஸ்ப்ரூக்கில் ஊருக்கு நடுவிலிருந்தே மலைக்கு ரயில் ஏறுகிறது. ஹால்ஸ்டாட் என்று ஒரு ஊர். ரயில் நிலையம் ஏரியின் இந்தக் கரையில், ஊர் அந்தக் கரையில். ரயிலில் வருகிறவர்களுக்காக ஒரு படகு காத்திருக்குமாம். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

திட்டத்தின் அடியில் பழக்க தோஷத்தில் ‘நகல்:’ என்று எழுதினேன். எந்த அதிகாரியின் பயணத் திட்டத்திலும் அது இருக்கும். நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஒரு பிரதி போக வேண்டும். என் காலத்தில் ஏழெட்டுப் பேருக்குப் போகும். இப்போது அந்த இடத்தில் எழுதப் பெயர் தோன்றவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

விசா விண்ணப்பத்தைத் திருச்சியில் ஒரு பயண அலுவலகத்தில் சரிபார்க்கக் கொடுத்தேன். அங்கிருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் கோப்பைப் புரட்டிவிட்டு, “சார், இவ்வளவு நீட்டா யாருமே கொண்டு வந்ததில்லை” என்றாள். நான் அடக்கமாக இருப்பதுபோல் பாவனை செய்தேன்.

“ஆனா ரெண்டு இடம் காலியா இருக்கு சார். இன்சூரன்ஸ்ல நாமினி போடலை.”

“அது எதுக்கும்மா?”

“அங்க ஏதாவது ஆச்சுன்னா...” என்று இழுத்தாள்.

“பாடி அனுப்பினா யாரு வாங்கிக்கிறதுன்னு கேக்குறாங்க. அதானே? இன்னொன்னு?”

“நீங்க திரும்பி வருவீங்கன்னு அவங்க நம்பணும் சார். வேலைல இருக்கவங்க லீவு லெட்டர் வைப்பாங்க. பெரியவங்கன்னா பிள்ளைங்க, பேரப்பசங்க...”

“வீட்டுப் பட்டா இருக்கு. பென்ஷன் ஆர்டர் இருக்கு. நான் உசிரோட இருக்கேன்னு வருசா வருசம் கருவூலத்துல காட்டுற சான்று இருக்கு.”

“அதெல்லாம் பாத்தேன் சார். சொந்தக்காரங்க யாராவது ஒரு லெட்டர் குடுத்தா நல்லாருக்கும். கட்டாயம்னு இல்ல. தனியா போறவங்களுக்குக் கொஞ்சம் யோசிப்பாங்க, அதான்.”

உறவுமுறை நிரூபிக்கப்படவில்லை என்று எத்தனையோ மனுக்களைத் திருப்பியிருக்கிறேன். இப்போது என் மனு.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், விக்கிரமங்கலத்தில். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கோப்பு இருக்கிறது.

அவள் கணவன் இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட்டாள். ஆதரவற்ற விதவை என்ற சான்று இருந்தால் முன்னுரிமை உண்டு. மனு என் மேசைக்குத்தான் வந்தது. வருவாய் ஆய்வாளர் விசாரித்து, ஆதரவு யாரும் இல்லை, பரிந்துரைக்கலாம் என்று எழுதியிருந்தார். அதன் கீழே நான் எழுதினேன்: ‘மனுதாரருக்கு அரசுப் பணியில் உள்ள உடன்பிறந்த சகோதரரின் ஆதரவு உள்ளது. பரிந்துரைக்க இயலவில்லை.’

தாசில்தாரின் தங்கையே ஆதரவற்றவள் என்று முத்திரை குத்திய தாள் ஊருக்குள் போனால் நான் எப்படித் தலை காட்டுவது என்பதுதான் உண்மைக் காரணம். விதிப்படி, உறவினர் கோப்பை நான் தொட்டிருக்கவே கூடாது. வேறு அலுவலருக்கு அனுப்பியிருக்க வேண்டும். எல்லா விதியும் தெரிந்தவன் அன்று அந்த ஒரு விதியை மட்டும் மறந்துவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சகோதரரின் ஆதரவு தாளில் மட்டும்தான் இருந்தது. அவள் உடையார்பாளையத்துக்கு முந்திரி உடைக்கப் போனாள். மகளைப் படிக்க வைத்தாள், கட்டிக்கொடுத்தாள். கல்யாணத்துக்குப் போனேன். சாப்பிட்டவுடன் கிளம்பிவிட்டேன்.

அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அங்கே பஸ் மாறி, விக்கிரமங்கலத்தில் இறங்கியபோது பதினோரு மணி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். முந்திரிக் கொட்டையின் பால் பட்டு வெந்த விரல் நுனிகள் இன்னமும் கறுப்பாகவே இருந்தன.

“வாங்க. என்னா, பஸ்ஸுல வந்திருக்கீங்க? ஜீப்பு எங்க?”

“ஜீப்பு சர்க்காரோடது. ரிட்டயர்டு ஆனப்பவே வாங்கிக்கிட்டாங்க.”

“ஜம்பத்தை மட்டும் உங்ககிட்டயே வுட்டுட்டாங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். படங்களைக் காட்டினேன். தள்ளி வைத்துப் பார்த்தாள்.

“அங்க என்னா இருக்கு?”

“பனி மலை.”

“பாத்துட்டு?”

“எறங்கி வரணும்.”

“இதுக்கா இம்புட்டு காயிதம்?”

கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது ஊசி நின்றது.

“அப்ப எனக்கு ஆளு இருக்குன்னு நீங்க எழுதுனீங்க. அந்த ஆளு எங்கன்னு நானும் தேடிக்கிட்டே இருந்தேன். இப்ப உங்களுக்கு ஆளு இருக்குன்னு நான் எழுதணும். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“ரூல்ல எடம் இருக்கா?”

“இருக்கு.”

வருகிற வழியில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். அதை இப்போது சொல்ல வரவில்லை. நான் எழுதிப் பழகிய வருத்தமெல்லாம் ‘வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது’ வகை. நேரில் பார்த்துச் சொல்லும் வருத்தத்துக்குப் படிவம் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்தேன்.

அவள் உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள். “பொய் எழுதச் சொல்லாதீங்க. நம்ம குடும்பத்துல அதுக்குன்னு ஒருத்தரு ஏற்கெனவே இருக்காரு.”

பத்தாவது வரை படித்தவள். நிதானமாக எழுதினாள். கிழித்துக் கொடுத்தாள்.

‘இவர் என் உடன்பிறந்த அண்ணன். எனக்கு வேறு அண்ணன் இல்லை. இவருக்கும் வேறு ஆள் இல்லை. இவர் கட்டாயம் திரும்பி வருவார். வராமல் அங்கேயே இருந்துவிட அங்கேயும் இவருக்கு யாரும் இல்லை.’

“கடைசி வரி வேணாமே” என்றேன்.

“அடிச்சுத் திருத்துனா செல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

செல்லாதுதான். காப்பீட்டுப் படிவத்தையும் நீட்டினேன். படித்துவிட்டு, “இது என்னா, பொணமா வந்தா வாங்கிக்கிறதுக்கா?” என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் தன் பெயரைத் தானே எழுதிவிட்டாள். “சரி, அப்படி வந்தா நான் வாங்கிக்கிறேன். உசுரோட வந்தா நீங்களே பஸ் புடிச்சுப் போயிக்குங்க.”

சாப்பிடச் சொன்னாள். புளிக்குழம்பு. சாப்பிட்டேன். இந்த முறை சாப்பிட்டவுடன் கிளம்பவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடிதத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். நானே செய்தேன். மொழிபெயர்ப்பில் எதையும் விடக் கூடாது, சேர்க்கக் கூடாது. நான்கு வாக்கியம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஐந்தாவதற்கு இருட்டும்வரை ஆனது. ஆங்கிலத்தில் அது இன்னும் சுருக்கமாக, இன்னும் சரியாக இருந்தது. அடியில் ‘உண்மை மொழிபெயர்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

திருச்சியில் அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “சார், இந்தக் கடைசி வரி...”

“இருக்கட்டும்மா. அதான் ஆதாரம்.”

சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் கடவுச்சீட்டு வந்தது. விசா இருந்தது. பட்டா, ஓய்வூதிய ஆணை எல்லாவற்றையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் ஒரு கோப்பை எந்தத் தாள் முடிவு செய்கிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில்.

அன்று மாலை பயணத் திட்டத்தை எடுத்து, ‘நகல்:’ என்று இருந்த இடத்தில் அவள் பெயரையும் விக்கிரமங்கலம் முகவரியையும் எழுதினேன். கூடவே ஒரு துண்டுத் தாளில், பஸ்ஸில் தயார் செய்த அந்த வாக்கியத்தையும் எழுதி, திட்டத்தின் ஒரு பிரதியோடு உறைக்குள் வைத்தேன். ஒப்புதல் அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான்காம் நாள் அட்டை திரும்பி வந்தது. அவள் கையெழுத்து இருந்தது. வேறொன்றும் இல்லை. ஒப்புதல் அட்டையில் வேறு எதுவும் எழுத இடமும் கிடையாது. அதைக் கோப்பில் கடைசிப் பக்கமாகச் சேர்த்து எண் போட்டேன்.