தோணியில் போட்ட கையெழுத்து

பிள்ளைகளா, புரொபேட் என்றால் என்ன என்று கேட்டீர்கள். அந்தச் சொல்லோடு எனக்கு நினைவுக்கு வருவது, ஒரு தாளின் அடியில் நெளிந்து கிடந்த என் மாமாவின் கையெழுத்துதான். எழுபதுகளில் கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல், அதாவது தோணியின் தலைவர், அவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். திரேஸ்புரம் வீட்டை, தன்னைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட விதவைத் தங்கைக்கு, அதாவது என் சித்திக்கு, உயில் எழுதிவைத்து, அதை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் உயிலை வாசித்தேன். அதோடு வேலை முடிந்தது என்றே இருந்தேன். வக்கீல் சிரித்தார். அந்தக் காலச் சட்டப்படி, வேதக்காரர்களின், அதாவது எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களின், உயிலைக் கோர்ட் விசாரித்து, 'இறந்தவர் மனதறிந்து எழுதியதுதான்' என்று முத்திரை போட்டுத் தரவேண்டுமாம். அதுதான் புரொபேட். அதுவரை அது வெறும் தாள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்றும் கோர்ட் கேட்கும். உண்டு என்று வந்து நின்றான், காலமான பெரிய மாமாவின் மகன்.

"இது சித்தப்பா கையெழுத்தே இல்ல மச்சான். அவரு அச்சடிச்ச மாதிரில்லா எழுதுவாரு. அத்தைய மூட்டையக் கட்டச் சொல்லும்."

சாட்சி போட்ட இருவரும் தோணிக்காரர்கள். கடலுக்குப் போகிறவர்கள் உடன் வருகிறவனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். பிறகு அவன் கரையில் கிடைப்பானா என்று யோசிப்பதில்லை. ஒருவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. மற்றவர் கொழும்பிலிருந்து வரவேண்டும். விசாரணை நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்கு நடுவே துறைமுகத்துக்கு ஓடி, பாய் தெரிகிறதா என்று பார்ப்பேன். சித்தியோ பாத்திரங்களைத் துடைத்துத் துடைத்து வாசல் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விசாரணைக்கு முந்தின நாள்தான் தோணி வந்தது. அதில் வந்து சாட்சிக் கூண்டில் ஏறியவரிடம், கையெழுத்து ஏன் இப்படிக் கோணியிருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார்.

"தோணி ஆடிச்சி ஐயா. தண்ணிப் பீப்பாய் மேல தாள வச்சித்தான் எழுதுனாரு. நாந்தான் பீப்பாயப் புடிச்சிக்கிட்டு நின்னேன். 'ஒழுங்காப் புடில மூதி, தங்கச்சி வீடு கடலுக்குள்ள போயிரும்'னு ஏசுனாரு. எங் கையெழுத்தையும் பாருங்க, அதுவும் ஆடும்."

ஜட்ஜ் குனிந்து பார்த்தார். அதுவும் ஆடியிருந்தது.

புரொபேட் கைக்கு வந்த அன்று சித்தியிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மாமாவின் சிலுவை அருகே குனிந்து, "மாமா, நீங்க சொன்னது நீங்க சொன்னதுதான்னு கோர்ட்டு ஒத்துக்கிட்டிச்சி" என்றேன். யாருக்காவது கேட்டிருக்குமோ என்று சுற்றிப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.