இரண்டு தட்டுக்குப் பிறகு

என் தொடையில் அக்கா இரண்டு தரம் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார், ஆனாலும் எனக்கு நன்றாகவே தெரிந்தது. தட்டினால் பிடியை உடனே விட்டுவிட வேண்டும். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தக் கலை பழக வருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற சட்டம் அது. நான் விடவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடியில் எங்கள் வகுப்பு நடந்தது. பெண்கள் நாங்கள் இருவர் மட்டுமே. ஆண்களோடு பெண்களைச் சோடி சேர்ப்பதில்லை என்று மாஸ்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஊரில் கதை வரும் என்ற பயம். ஆகவே பின்னேரங்களில் எனக்கு அக்கா, அக்காவுக்கு நான். அவர் என் சொந்த அக்கா இல்லை, லிங்கநகரில் சீருடை தைக்கிறவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இடுப்பை நெளித்து விலகுவது, முதுகை வளைத்து எழும்பிப் புரட்டுவது, கையைப் பூட்டுவது என்று அதே அடிப்படைகளைத்தான் ஆளுக்குப் பத்துத் தரம் செய்வோம். இந்தப் பயிற்சியில் மற்றவர் எதிர்க்கமாட்டார். தன் கையைத் தானே நீட்டித் தருவார்.

எனக்கு அவரில் எரிச்சல். நான் படபடவென்று செய்வேன், அவர் நிதானமாகச் செய்வார். "அவ செய்யிறதைப் பாரும். ஒரு அவசரமும் இல்லை" என்று மாஸ்டர் அன்று எல்லாருக்கும் முன்னால் எனக்குச் சொல்லிவிட்டார். அடுத்த தரம் அக்கா கையைத் தந்தபோது அதை என் தொடைகளுக்கிடையில் பூட்டி, அவர் முழங்கை பின்னால் வளைய, அந்தக் கோபத்தோடுதான் இடுப்பை உயர்த்தினேன். அவர் தட்டிய பிறகு ஒரு வினாடிகூடப் பிடித்திருக்கமாட்டேன். முழங்கையில் சத்தம் கேட்டது.

மாஸ்டர் ஓடி வந்தார். அக்கா கையை நெஞ்சோடு அணைத்தபடி, "நான்தான் தட்டப் பிந்திட்டன், மாஸ்டர்" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் "ஓம்" என்று தலையாட்டினேன். அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் இன்றுவரை சொன்னதில்லை.

அதன்பிறகு அக்கா வரவில்லை. சோடி இல்லாததால் நானும் நின்றுவிட்டேன். பெரிய மனது, என்னைக் காட்டிக்கொடுக்காமல் மன்னித்துவிட்டார் என்று நானே தீர்மானித்துக்கொண்டு எட்டு வருடம் சும்மா இருந்தேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

போன மாதம், மகளுக்குப் பாடசாலையில் கொடுத்த சீருடைத் துணியைச் சாட்டாக வைத்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய வலது கை இன்னும் முழுதாக நிமிர்வதில்லை. துணி வெட்ட வேறொரு பெண்ணை வைத்திருக்கிறார். அந்தப் பெண் உள்ளே போனதும் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் தட்டினது எனக்குத் தெரியும்."

"ஓம். ரெண்டு தரம் தட்டினனான்."

அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிறகேன் என்னைக் காப்பாத்தினீங்கள்?"

"உன்னையோ?" என்று நிமிர்ந்து பார்த்தார். "உண்மையைச் சொன்னா மாஸ்டர் உன்னை நிப்பாட்டிப்போடுவார். பிறகு நான் ஆரோடை பழகிறது? கை சுகமானதும் நான் திரும்பி வர இருந்தனான்."