மிளகாய் நெடி

ஆரியசாலை மிளகாய் மண்டியில் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவர்கள் வீட்டில் இருமலை யாரும் நோயாக எண்ணுவதில்லை. அது நெடி, குளித்தால் போய்விடும். அம்மா காம்பு கிள்ளப் போனாள், இருமினாள். நானோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். ஆனாலும் அந்த இருமலுக்கு நான் பயந்ததே இல்லை.

பிளஸ் ஒன்னில் நோயாளிகளைக் கவனிக்கிற தொழிற்பிரிவு கிடைத்தது. டீச்சர் பாடம் நடத்தமாட்டார். ஒரு நோயாளியின் கதையைப் போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்வார். என்ன நோய் என்று கேட்டால், "உத்தரம் ஞான் பறயில்லா. போயி கண்டுபிடிச்சு வா" என்று மலையாளத்தில் சொல்வார். விடையை நாங்களே தேட வேண்டும். கதையில் சொல்லாமல் விட்டது என்ன என்றும் யோசித்துக் கேட்க வேண்டும்.

நான் தேடியது வீட்டில்தான். காமாலைக் கேஸ் வந்த அன்று எல்லார் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்தேன். சர்க்கரைக் கேஸுக்கு, எங்களோடு இருந்த மாமாவின் கால்விரல் இடுக்குகள்.

"டாக்டரம்மா வந்தாச்சு! இன்னைக்கு எனக்கு என்னட்டீ சூக்கேடு?" என்று மாமா காலை நீட்டுவார். அம்மா சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும்.

ஒருநாள் போர்டில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுத்தால் இருமல். தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம்.

வீட்டில் வந்து ஒப்பித்தேன். மாமாவின் காலை அழுத்தினேன், வீக்கமிருந்தால் விழுகிற குழி விழவில்லை. அம்மா சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்குப் பிள்ளைங்க உண்டுமா மக்ளே?"

"அது போர்டுல இல்லையே."

"கேட்டுட்டு வா."

மறுநாள் வகுப்பில் முதன்முதலாக எழுந்து நின்று கேட்டேன். "நல்ல சோத்யம்! இது வேறெ ஆரும் கேட்டில்லல்லோ" என்று டீச்சர் என் கேள்வியைப் போர்டில் எழுதினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த மழைக்காலம் வருமுன் அம்மா போய்விட்டாள். இருதயம் என்றார்கள். படிப்பு அதோடு நின்றது. மண்டியில் அவள் உட்கார்ந்த சாக்கில் இப்போது நான் உட்காருகிறேன். எனக்கும் இருமல் வருகிறது. நெடிதான் என்கிறார்கள். நான் தினமும் என் காலை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் கைதட்டு வாங்கிய அந்தச் சாயங்காலம் நான் ஓடித்தான் வீட்டுக்கு வந்தேன்.

"ரெண்டு பிள்ளைங்க உண்டுன்னு டீச்சர் சொல்லியாச்சு அம்மா!"

"அப்போ அவளுக்கு என்ன ஆவும்?"

"அதெல்லாம் டீச்சர் பறயமாட்டாங்க. நாமளே கண்டுபிடிக்கணும்" என்றேன், பெருமையாக.

அம்மா பாயை விரித்துக்கொண்டே, "உன் தலாணியையும் இங்க தா மக்ளே" என்றாள்.

கொடுத்தேன். வெறும் பாயில் தலைவைத்துப் படுத்து, நாளைக்கு வேறு என்ன கேட்டால் இன்னொரு முறை கைதட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.