பதினேழும் ஏழும்

துறை வாசலில் ஒட்டியிருந்த அந்தத் தட்டச்சுத் தாளில், அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே பெயர் இருந்தது. தலைப்பெழுத்து மட்டும் வேறு. மேல் வரி என்னுடையது. அதற்கு நேராகப் பதினேழு. கீழ் வரி என் வகுப்புத் தோழியுடையது; அதற்கு நேராக ஏழு. எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் நாங்கள் எம்.ஏ. பொருளியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். புள்ளியியல் தாளுக்கான அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் அவை. இருபத்தைந்துக்குக் குறைந்தது பத்து வாங்காதவர்கள் அந்தத் தாளைப் பல்கலைக்கழகத் தேர்வில் எழுத முடியாது. மறு வருடம் இளைய வகுப்போடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

எண்கள் இடம் மாறியிருக்கின்றன என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பருவத்தில் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தவள் நான். திருத்தித் தந்த விடைத்தாள்களில் நான் வாங்கியதை எப்படிக் கூட்டினாலும் ஏழுதான் வரும். அவளோ கணக்கில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. பாலக்கோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா தக்காளி மண்டியில் கூடை இறக்குபவர். "ரெண்டு வருசந்தான் புள்ள எங்கப்பா குடுத்த கெடு. அதுக்கு மேல ஒரு மாசம் ஆனாலும் கல்யாணத்தப் பண்ணிடுவாரு" என்று அடிக்கடி சொல்வாள்.

அன்று என் பக்கத்தில் நின்று அவளும் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய பஸ் நாலரை மணிக்கு. அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளுக்குள் துறை ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தாளின் அடியில் போட்டிருந்தது. அவளே எழுதிக் கொடுத்துவிடுவாள், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அவள் கல்லூரிக்கே வரவில்லை. நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து தட்டில் இருந்த களியைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். "காமாலை திரும்பிடுச்சா என்ன?" என்று அம்மா என் கண்ணை விரித்துப் பார்த்தார். கண்ணில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று அதற்கும் பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்காலிட வேண்டுமே என்று நினைத்ததும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் மூன்றரை மணிக்குத் துறை ஆபீஸுக்குள் இருந்த தலைவரின் அறைக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். விரலை இரண்டு வரிகளிலும் மாறிமாறி வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு அந்தப் பொண்ணுதானே வரணும்? நீ எதுக்கும்மா வந்தே?"

"எனக்கும் தெரியுமுங்க சார்."

"உனக்கு ஒரு வருசம் போயிடும். விதிய நான் வளைக்க முடியாது."

"சரிங்க சார்" என்றேன். தலை நிமிராமல் வராந்தாவைக் கடந்து வெளியே வந்தேன்.

மறுநாள் அவள் என்னைத் தனியாக அழைத்துப் போய், பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஆட்சேபக் கடிதம். முதல் நாளே எழுதிய தேதி இருந்தது.

"எழுதும்போது உம் பேரையும் எழுத வேண்டியதாப் போச்சு. அதான் குடுக்க மனசு வரல."

"நேத்து நான் போகலேன்னா?"

காகிதத்தைத் திரும்ப மடித்தாள். "நீ வர்றியான்னு நாலு மணி வரைக்கும் பாத்துட்டுக் குடுத்துடலாம்னுதான் ஆபீஸ் வாசல்ல தூணுக்குப் பின்னால நின்னேன் புள்ள. அப்பத்தான் நீ உள்ள போனே."

அந்த வருடமே அவள் முதல் வகுப்பில் தேறினாள். அவளுடைய புள்ளியியல் நோட்டை வைத்துக்கொண்டு, மறு வருடம் இளையவர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்து நானும் தேறினேன். இன்று நானும் ஒரு கல்லூரியில் அகமதிப்பீடு போடுகிறேன். மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிய பிறகும் தலைப்பெழுத்துகளை வாய்விட்டு ஒருமுறை படிக்காமல் எழுந்திருப்பதில்லை. அன்று ஆபீஸ் வாசலில் அவள் நின்றதை நான் பார்க்கவில்லை. அதை நினைத்து இப்போதும் ஒரு நிம்மதி. பார்த்திருந்தால், மாட்டிக்கொள்ளும் பயத்தில்தான் உள்ளே போனேனோ என்று இந்த வயதிலும் என்னையே கேட்டுக்கொண்டிருப்பேன்.