ஆள் இழுப்பு, கடல் இழுப்பு

பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கையில், கிணற்று வாளி தண்ணீரைத் தொடுகையில், ஆய்வுக்கூடத்தில் இழுத்துக் கட்டிய கம்பி நடுங்கி ஓய்கையில், என் வலது உள்ளங்கை எதையோ எதிர்பார்த்து விழித்துக்கொள்ளும். மீசை நரைத்துவிட்டது. வீடுகள் மாறின, ஊர்கள் மாறின. கை மட்டும் இன்னும் அந்த வள்ளத்தின் விளிம்பிலேயே கிடக்கிறது.

எங்கள் கரையில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவனின் இடுப்புக்கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூலியாளிடம் கொடுக்க மாட்டார்கள். சொந்த அண்ணன் தம்பியும் வேண்டாம். சொத்தில் பங்குள்ளவன் கை ஒரு நொடி யோசித்துவிடலாம். மைத்துனன் யோசிக்க மாட்டான். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது.

எனக்கு ஒரே அக்காள். அவளுக்கு நான் ஒரே தம்பி. இயற்பியலில் பட்டம் வாங்கி நான் ஊர் திரும்பிய வருடமே அவளுக்குக் கல்யாணம். உலகச் சண்டை முடிந்த புதிது, வேலை என்று எதுவும் கண்ணில் படவில்லை. பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அத்தானின் கயிற்றைப் பிடித்தேன்.

ஆளை அடிக்கு இழுக்கும் கல்லோடு அவர் இறங்குவார். கயிறு என் விரல்களுக்குள் தளர்வாகக் கிடக்கும். கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்கும் இல்லை. கயிறுதான் பேசும். நீரோட்டம் அதைத் தடவும், அலை தூக்கித் தாழ்த்தும், மீன் உரசிப் போகும், வள்ளம் முனகும். அதெல்லாம் கடல் இழுப்பு. அத்தனைக்கும் நடுவே மூச்சு முட்டியவன் ஒரே ஒரு தரம் இழுப்பான். அது ஆள் இழுப்பு. அதற்கு மட்டும்தான் தூக்க வேண்டும்.

இழுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், கையெழுத்தைப் போல. அத்தானுடையது முதலில் லேசாகத் தளரும். பிறகுதான் வெடுக்கென்று வரும். எதையோ கேட்கத் தயங்கி, பிறகு கேட்டுவிடுகிறவர் மாதிரி.

அந்தக் காலையில் தளர்வு இல்லை. அவர் இறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. நேராக, அழுத்தமாக ஓர் இழுப்பு. தூக்கிவிட்டேன்.

மேலே வந்தவர் வாயிலிருந்த தண்ணீரை என் முகத்திலேயே துப்பினார்.

"ஏலே, எதுக்குலே தூக்குன? இப்பந்தான் கால் தரையில படுது!"

"நீங்கதான இழுத்திய அத்தான்."

"நானா? காலேசுல படிச்சா கை மரத்துப்போவுமோ? நான் இழுக்கலலே."

கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வேறு வள்ளம் இல்லை. கீழே வேறு ஆளும் இல்லை. எங்கள் வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அத்தான் லேஞ்சித் துண்டால் முகத்தைத் துடைத்தார். இடுப்புக்கயிற்றை அவிழ்த்து அதன் நுனியை ஒரு தரம் முகர்ந்து பார்த்தார். ஏன் முகர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் மறுபடி இறங்கவில்லை.

"கரையேறாம உத்தரிக்கிற ஆத்துமாவா இருக்கும்" என்றாள் அக்காள், மீன் அரிந்துகொண்டே. "அங்கன முங்கிப் போனவுங்க எல்லாரையும் எடுத்து அடக்கமா பண்ணுனாவ? சாமியாரிட்ட சொல்லி ஒரு பூசை வைக்கணும்."

"பூசை வச்சா ஆத்துமா கரையேறிரும். ஒன் தம்பி கைய எவன் கரையேத்துவான்?" என்றார் அத்தான்.

பூசை வைத்தோம். கை அடங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இறங்கிய ஒவ்வொரு தரமும் கயிற்றில் வருவதெல்லாம் எனக்கு ஆள் இழுப்பாகவே பட்டது.

அப்போதுதான் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொல்லி அனுப்பினார். வடக்கே ஓர் ஆய்வு நிலையம் ஒலியையும் அதிர்வையும் ஆராய ஆள் தேடுகிறது. கப்பல் எஞ்சின் ஏன் நடுங்குகிறது, ஆலையின் தளம் ஏன் வெடிப்பு விடுகிறது என்பதையெல்லாம் இனி நாமே கண்டுபிடிக்க வேண்டுமாம். மாதாமாதம் உதவித்தொகை, தங்க அறை, முடிவில் டாக்டர் பட்டம். ஒரே நிபந்தனை: வருகிறவன் சொந்தமாக ஒரு கேள்வியோடு வர வேண்டும்.

என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது.

நேர்காணலில் அதைச் சொன்னேன். கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, "அப்படியானால் பேய்க்கும் சேர்த்து உதவித்தொகை கேட்கிறீரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளங்கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு. ஓரத்தில் இருந்தவர் மட்டும் சிரிக்காமல் ஒரு தாளைத் தள்ளினார்.

"அத்தனை நடுக்கத்திலிருந்து மனிதனை எப்படிப் பிரிப்பீர்? எழுதும்."

எழுதினேன். கயிற்றின் விறைப்பு, அலையின் மெதுவான ஏற்ற இறக்கம், அதன் முதுகில் ஏறி வரும் திடீர்த் துடிப்பு. படித்துவிட்டுக் கேட்டார்: "அன்று இழுத்தது எது?"

"தெரியாது ஐயா."

"அப்படியானால் அதுதான் உம்முடைய தலைப்பு."

இடம் கிடைத்தது என்று சொன்னபோது அக்காள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி கழுத்துவரை இறங்கி, தாலியில் தட்டி நின்றது.

"அப்ப கயிறு?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

போவதில்லை என்று முடிவு செய்தேன். வள்ளங்களை இழுத்துப் போட்டிருந்த மணலில் அத்தான் சங்கு அள்ளும் வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தார். போய் உட்கார்ந்தேன்.

"ஒங்க கயிற வேற ஆளுகிட்ட குடுத்துட்டு, அங்கன உக்காந்து நான் என்னத்த படிக்க அத்தான்?"

அவர் தலை நிமிரவில்லை.

"மாப்ள, ஒன்னு சொன்னா ஒங்க அக்காட்ட சொல்ல மாட்டியே? அன்னைக்கு இழுத்தது நாந்தான்."

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன்.

"பயந்துட்டேம்லே. காதுக்குள்ள வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். மேல எது கீழ எதுன்னு தெரியல. இழுத்துட்டேன். அத்தன பேரு முன்னால சொல்ல வெக்கமாப் போச்சு."

"ஒங்க இழுப்பு அப்படி இருக்காதே."

"பயந்தவன் இழுப்பு எப்படி இருக்கும்னு நீ எங்கன கண்ட? போயி அதப் படி." சிரித்தார். "காது போச்சுடே. இனி எனக்குக் கடல் ஆவாது. ஹார்பர்ல பஞ்சுப் பொதி ஏத்தப் போறேன். கயிறே இல்லாதவனுக்குக் கயிறு பிடிக்க ஆளு எதுக்கு?"

நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. பயம் கையெழுத்தை மாற்றும் என்பது நியாயமாகவும் பட்டது. என் தலைப்பு அந்த மணலிலேயே செத்துவிட்டது. இருந்தும் அதைத் தூக்கிக்கொண்டுதான் ரயில் ஏறினேன். அத்தான் சொன்னபடியே துறைமுகத்துக்குப் போனார்.

ஆய்வுக்கூடத்தில் கம்பியின்மேல் சிறு கண்ணாடித் துண்டை ஒட்டுவோம். கம்பி நடுங்கினால் ஒளிப்புள்ளி சுவரில் ஆடும். அதைப் படத்தாளில் பிடிப்போம். எஞ்சினைக் கழித்தேன், காற்றைக் கழித்தேன், தெருவில் போகும் லாரியைக் கழித்தேன். எல்லாம் போக மிஞ்சுவதற்கு ஆய்வேட்டில் 'இரைச்சல்' என்று பெயர். எங்கள் ஊரில் இரைச்சல் என்றால் கடல் பேசுவது.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். காது போனவர் ஆயிற்றே என்று அத்தானிடம் சத்தம் போட்டுப் பேசினேன். அடுப்படியிலிருந்து அக்காள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்லே கத்துத? அவருக்குக் காதுல என்ன?"

அத்தான் சட்டென்று எழுந்து, "வா, மீன் வாங்கிட்டு வருவோம்" என்று நடந்தார்.

துறைமுகத்துப் படிகளில் பாசி. படகில் மீன் வாங்கிக்கொண்டு அவர் கீழ்ப்படியில் நின்றார், மேல்படியில் நான். தோளில் கிடந்த லேஞ்சியின் ஒரு நுனியை என்னிடம் நீட்டி, "பிடிச்சுக்கோடே, வழுக்குது" என்றார். அடுத்த எட்டில் கால் போய்விட்டது.

"சேசுவே!"

அந்தக் கூச்சல் வந்த அதே நொடியில் என் கைக்குள் லேஞ்சி முதலில் லேசாகத் தளர்ந்தது. பிறகு வெடுக்கென்று இழுத்தது.

பயத்திலும் அதே கையெழுத்து.

தூக்கி நிறுத்தினேன். இடுப்புவரை நனைந்து நின்றார். மீன் போய்விட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு லேஞ்சியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். மறைக்க எதுவும் இல்லை.

"நாந்தான் இழுத்தேன்னு சொல்லலைன்னா நீ போயிருக்க மாட்டல்லா" என்றார் மெதுவாக. லேஞ்சியை வாங்கிப் பிழிந்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

நான் பின்னால் நடந்தேன். கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருந்தது. அவரும் அதையேதான் நினைத்திருப்பார். கடல் இருந்த பக்கம் அவர் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

அன்று கீழே யாரோ இழுத்தார்கள். நான் தூக்கியது வேறு ஆளை.